தைப்பொங்கல் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?



சென்ற இதழில் சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்த ஓர் அக்கா சம்பளத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தம்பி, சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொன்ன சாப்பாட்டை மூண்டு மாதம் ஒழுங்காத்தான் சாப்பிட்டு வந்தனான். தீபாவளியோட எல்லாம் குழம்பிப் போச்சு. பிறகு ரெண்டு பிறந்தநாள், ஒரு சாமத்தியவீடு. இனி என்ன, மார்கழி முடியட்டும், தைப்பொங்கலோட திரும்பத் தொடங்குவம் எண்டு விட்டிட்டன். அதுக்கு என்னென்ன சாப்பிடலாம் எண்டு ஒருக்கால் எழுதுமன்" என்றார்.

என்னென்ன சாப்பிடலாம் என்பதை டொக்டர்மார் எழுதட்டும். நான் ஓ.எல். படிப்போடு நின்றவன், தொழிற்சாலையில் மெசின் பார்ப்பவன். ஆனால் அந்தத் "தைப்பொங்கலோட" என்ற சொல்லைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வேலைத்தலத்தில் கிழமை தவறாமல் காதில் விழும் சொல் அது. சிலருக்குத் திங்கட்கிழமை, சிலருக்கு ஒன்றாந்திகதி, சிலருக்குச் சித்திரைப் புத்தாண்டு. நாங்கள் கலியாணத்துக்கு மட்டுமல்ல, கோவா வறை சாப்பிடத் தொடங்குவதற்கும் நல்லநாள் பார்க்கிற சனம்!

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிழமைகள் வரும். நாளுக்கு மூன்று வேளை என்றால் இருநூறு வேளைக்கு மேலே. இதில் அந்த அக்காவின் கொண்டாட்டங்கள் எத்தனை? தீபாவளி ஒன்று, பிறந்தநாள் இரண்டு, சாமத்தியவீடு ஒன்று. ஆக நான்கு வேளை! மற்ற இருநூறும் கொண்டாட்டமில்லாத சாதாரண நாட்களின் சாப்பாடு. நல்லநாள் வரட்டும் என்று காத்திருக்கும்போது கைவிட்டுப் போவது அந்த இருநூறும்தான். டொக்டர்மார் எடுக்கச் சொல்லும் 'ஏ-வன்-சி' இரத்தப் பரிசோதனை கிட்டத்தட்டக் கடைசி மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். அதில் நான்கு வேளை ஆட்டிறைச்சியும் கேக்கும் பெரிதாகத் தெரியாது. இருநூறு வேளை நன்றாகத் தெரியும். கனடாவில் 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு, 6.0 முதல் 6.4 வரை என்றால் அதன் வாசற்படி.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கொண்டாட்டங்கள் அந்த இரவோடு முடிவதில்லை. மண்டபத்தில் கேக் வெட்டி, றோல்ஸ் தின்று, பதினொரு மணிக்குக் கொத்துறொட்டியும் புரியாணியும் சாப்பிட்டு, வெளிக்கிடும்போது வீட்டுக்காரர் அன்பாக ஒரு பார்சல் கட்டித் தருவார். வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லை. அந்தப் பார்சல் பிறிஜ்ஜுக்குள் புதன்கிழமை வரை இருக்கும். எறிய மனம் வராது. ஊரில் ஒரு பிடி அரிசிக்கு அலைந்த தாய்தகப்பன் வளர்த்த பிள்ளைகள் நாங்கள், எப்படி எறிவது? அதனால் ஒரு சனிக்கிழமைக் குழப்பம் ஐந்து நாளாக நீண்டு விடுகிறது. பார்சலை வாங்குங்கள், ஆனால் மறுநாளே அறையில் இருக்கும் பெடியங்களுக்கோ, இப்போதுதான் வந்திறங்கி வேலைப் பத்திரத்துக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கோ கொடுத்து விடுங்கள். வீட்டில் ஞாயிறு காலைச் சாப்பாடு வழக்கமான சாப்பாடாக இருக்கட்டும்.

எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணருக்கு முப்பத்தெட்டு வயது. சீனி வருத்தம் என்று சொன்ன பிறகு ஒரு வருடம் நல்ல கட்டுப்பாடாக இருந்தார். ஊரில் தகப்பன் செத்த செய்தி வந்தது, போக முடியவில்லை. அதன் பிறகு அவர் சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை. ஆட்டத்திவசம் முடியட்டும் என்றார், பிறகு வழக்கு முடியட்டும் என்றார். ஒன்றரை வருடத்தின் பின் காலில் ஊசி குத்தினாலும் தெரியவில்லை என்று சொன்னபோதுதான் மனைவி பயந்தார். அவர் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டமி நவமியாகக்கூட இருந்திருக்கும்! மனைவி சாப்பாட்டுப் பெட்டியில் அரைவாசிக்குப் போஞ்சி வறையை வைத்து அனுப்பினார், அவ்வளவுதான். இப்போது சீனி இறங்கி வருகிறது. கால் விறைப்பு மாறவில்லை.

விட்டதைத் திரும்பப் பிடித்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஆட்களிடமே செய்து பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. சென்னையில் டொக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடன் வேலை செய்தவர்களும் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்து, ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பகுதியினருக்குச் சீனியையும் தீட்டிய மாச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, தினமும் அரை மணி நேரம் விரைந்து நடக்கும்படி சொல்லி, தொடர்ந்து நினைவூட்டி வந்தார்கள். முதற் பகுதியில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. இரண்டாவதில் 39 பேருக்குத்தான். இதில் எனக்குப் பிடித்த விடயம், இந்த இரண்டாவது பகுதியினரின் உடல் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! தராசில் ஏறி "ஒண்டும் குறையேல்லை" என்று சலித்து விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். தராசுக்குத் தெரியாத வேலையும் உடம்புக்குள்ளே நடக்கிறது.

புரோசார்ட்டில் எங்கள் அயலவர்களில் பலர் சீனர்கள். அவர்கள் நாட்டில் டாசிங் என்ற நகரில் 1986இல் 577 பேருடன் தொடங்கிய சோதனை ஆறு வருடம் நடந்து முடிந்தது. பிறகும் அந்த ஆட்களை விடாமல் கவனித்து வந்தார்கள். முப்பது வருடத்துக் கணக்கு 2019இல் வந்தது. உணவையோ உடற்பயிற்சியையோ திருத்தியவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய நான்கு வருடம் பிந்தி வந்திருந்தது. முப்பது வருடத்தில் இடையில் ஒருநாளும் குழம்பாமல் இருந்தவர் அங்கே யார் இருந்திருப்பார்?

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், இது வெட்கப்படுகிறவர்களுக்காக. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை அம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, எங்கும் சைக்கிள்தான், ஒடியற் கூழும் கீரையும்தான். "அப்ப ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை" என்று சில பெரியவர்கள் இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் உடன்பாடு இல்லை. மருந்தில்லாமல் செத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கியூபாவிலும் அதே காலத்தில், சோவியத் உதவி நின்றதால், உணவும் எரிபொருளும் இல்லாமற் போனது. 1991 முதல் 1995 வரை அந்த நாட்டு மக்களின் நிறை சராசரியாக 5 கிலோ அளவில் குறைந்தது. நீரிழிவால் ஏற்படும் மரணங்களும் பின்னர் குறைந்தன. பிறகு கடைகளில் சாப்பாடு வந்தது, பஸ் ஓடியது. நிறையும் ஏறியது, நீரிழிவும் ஏறியது. இதை 2013இல் கணக்கெடுத்து எழுதினார்கள். ஒரு முழு நாடே அப்படி என்றால், பஞ்சத்திலிருந்து நேராகத் தஷெரோ வீதிக்கு வந்து சேர்ந்த எங்கள் உடம்பு என்ன செய்யும்? இருபுறமும் பேகரும் பீற்சாவும் பொரித்த கோழியும், வேலையோ இரவு பதினொன்று தொடக்கம் காலை ஏழு வரை. இதில் சறுக்குவது குணக்கேடு அல்ல.

திரும்புவதற்கு எங்கள் பழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பாறணை. கந்தசட்டி ஆறு நாளும் விரதம் இருந்தவர் ஏழாம் நாள் மெதுவான, எளிமையான ஒரு நேரச் சாப்பாட்டோடு வழமைக்குத் திரும்புவார். விருந்துக்குப் பிறகும் அப்படி ஒரு பாறணை வைத்துக்கொண்டால் என்ன? அடுத்த வேளைக்குச் சின்னக் கோப்பை சிவப்பரிசிச் சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை, ஒரு வறை. கனடா அரசு 2019இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதைத்தான் படம் போட்டுக் காட்டுகிறது. கோப்பையில் அரைவாசி மரக்கறி பழம், கால்வாசி பருப்பு, மீன், முட்டை, இறைச்சி போன்றவை, கால்வாசி தவிடு நீக்காத தானியம். குடிப்பதற்குத் தண்ணீர். எங்கள் கோப்பையில் சோறு மலை, கறிகள் அதன் அடிவாரம். அதைப் புரட்டினால் போதும். சீனி வருத்தக்காரர் உருளைக்கிழங்குக் கறியைச் சோற்றின் பக்கம் சேர்த்து எண்ண வேண்டும், மரக்கறியின் பக்கம் அல்ல.

"இஞ்சை எங்கட மரக்கறிக்குச் சரியான விலை" என்பது உண்மைதான், தமிழ்க் கடைக்கு விமானத்தில் வரும் முருங்கைக்காய்க்கு. ஆனால் எங்கள் சீனக் கடைகளில் பயிற்றங்காய், பாவற்காய், கங்குன், தண்டுக்கீரை எல்லாம் இருக்கும், பெயர்தான் வேறு. மாரியில் இங்கத்தைக் கோவா, கரட், லீக்ஸ், பூசணி மலிவு. பனியில் உறைய வைத்த போஞ்சியும் கீரையும் சத்தில் குறைந்தவை அல்ல. பருப்பைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. உலகத்துக்கு மைசூர்ப் பருப்பு அனுப்பும் நாடுகளில் முதலிடம் கனடாவுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் சஸ்கச்சுவான் மாகாணத்தில் விளைகிறது. ஊரில் நாங்கள் சாப்பிட்ட பருப்பிலும் ஒரு பங்கு இங்கிருந்து கப்பலேறிப் போனதுதான்! கையில் காசு முடையென்றால் 211க்கு அழைத்து அருகில் உள்ள உணவு உதவியைக் கேட்கலாம். அங்கே தரும் தகரப் பயறு கடலையைத் தண்ணீரில் அலசி எடுத்தால் உப்புக் குறையும்.

சோடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைத்தலத்து மெசினில் எடுக்கும் ஒரு தகரக் கோலாவில் 40 கிராம் அளவு சீனி இருக்கிறது, அதாவது பத்துத் தேக்கரண்டி. தேநீருக்கு ஒருவர் பத்துக் கரண்டி போட்டால் நாங்கள் கையைப் பிடித்துத் தடுப்போம். சாமான் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பு, சீனி, உப்பு அதிகம் உள்ளவற்றில் அதைப் போட வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்தது, 2026 ஜனவரி 1 அதற்குக் கெடு. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் படம் தெரியும். 'சுக்ர்' என்றால் சீனி, 'சோடியம்' என்றால் உப்பு.

இரவு வேலைக்காரர் வெளிக்கிட முன்னரே வயிறாரச் சாப்பிட்டு, மூன்று மணி இடைவேளைக்குச் சின்னதாக ஏதும் கொண்டு போவது நல்லது. நள்ளிரவில் உடம்பு சீனியைச் சமாளிப்பது குறைவு. அறையில் நாலைந்து பேர் முறை வைத்துச் சமைக்கும் பெடியங்கள், ஞாயிறு இறைச்சிச் சட்டியோடு ஒரு பெரிய சட்டி மரக்கறியும் வைத்தால் கிழமை முழுவதும் காணும். நடக்க வெளியே குளிர் என்றால் மெயில் சம்பிளேன் கட்டடத்துக்குள் ஒன்றும் வாங்காமல் அரை மணி நேரம் நடக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சனிக்கிழமை அதிகம் தின்றுவிட்டோம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுப் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் ஊசி போடுபவரும் கிளிக்கிளசைட் வகைக் குளிசை எடுப்பவரும் அப்படிச் செய்தால் இரத்தச் சீனி திடீரென்று விழும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்று, பேச்சுக் குழறல் வரும். மெசினுக்கு முன்னால் நிற்கும்போது வந்தால் கையே போய்விடும். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் குடியுங்கள். ஆள் மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 911. குளிசை, விரதம் பற்றிச் சந்தேகம் இருந்தால் 811க்கு எடுங்கள், இரவுபகலாகத் தாதிமார் இலவசமாகப் பதில் சொல்வார்கள். கந்தசட்டியும் கௌரிவிரதமும் பிடிப்பவர்கள் அதை அடுத்த வருடத்துக்கு முன்னரே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.