நெல்லிச்சாறு 'சீரம்' பழுப்பாவது ஏன்?

"எங்கள் மகளிர் குழுவில் நெல்லிக்காய்ச் சாற்றுடன் கிளிசரின், பன்னீர் சேர்த்து முகத்துக்கு வைட்டமின் சி சீரம் தயாரித்தோம். பத்து நாளில் பழுப்பாகிவிட்டது. நிறம் மாறாமல் இருக்க என்ன சேர்க்கலாம்? குழுக் கடனில் பாட்டில், லேபிள் வாங்க இருக்கிறோம்."
- வாசகி, நத்தம், திண்டுக்கல் மாவட்டம்.

பாட்டில் வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. எதைச் சேர்த்தாலும் நெல்லிச்சாறு சீரம் ஆகாது. கடையில் விற்கும் சீரங்களில் வைட்டமின் சி பெரும்பாலும் 10 முதல் 20 சதவிகிதம் இருக்கும். அதாவது, 100 மில்லியில் 10 கிராமாவது வேண்டும். 100 கிராம் நெல்லிக்காயில் ஒரு கிராம்கூடத் தேறாது. சாப்பிட அது தாராளம், சீரத்துக்குப் போதாது.

வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். தண்ணீரில் கரைந்ததுமே காற்றுபட்டுச் சிதையத் தொடங்கும். வெயில், சூடு, இரும்பு, செம்பு ஆகியவை அதை வேகப்படுத்தும். சத்து போனதற்கு அடையாளம்தான் அந்தப் பழுப்பு. நெல்லியில் துவர்ப்புச் சத்தும் உண்டு. இரும்புக் கத்தி பட்டால் அது கறுக்கும். பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

வீட்டு உபயோகத்துக்கு

* அழகுசாதனத் தரத்திலுள்ள எல்-அஸ்கார்பிக் அமிலத் தூளை வாங்க வேண்டும். சப்பிச் சாப்பிடும் மாத்திரையில் சர்க்கரை, நிறமி இருப்பதால் அது உதவாது.
* அரை கிராம் தூளை 10 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 5 சதவிகிதக் கரைசல் கிடைக்கும். முதலில் இதுவே போதும். நகைத் தராசு போன்ற சிறு தராசில்தான் எடை போட வேண்டும்.
* பி.ஹெச் தாளில் பார்த்து, 3-க்குக் கீழே இருந்தால் துளித்துளியாகச் சமையல் சோடா கரைசல் சேர்த்து 3 முதல் 3.5-க்குள் கொண்டுவர வேண்டும். அதைவிடக் கூடினால் தோலுக்குள் சரியாக இறங்காது.
* கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கி, அடர்நிறச் சிறு பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மஞ்சள் ஏறினால் கொட்டிவிட வேண்டும்.
* முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒரு நாள் பொறுத்து, எரிச்சல் இல்லையென்றால் மட்டுமே முகத்துக்கு.

தூள் உலர்ந்திருக்கும்வரை கெடாது. எனவே, தேவைக்குத் தேவை கலப்பதே சிறந்த பாதுகாப்பு.

விற்பனைக்கு

முகத்தில் பூசும் எதையும் விற்பனைக்குத் தயாரிக்க, அழகுசாதன விதிகள் 2020-ன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. உலர்ந்த நெல்லிப்பொடி 'ஃபேஸ் பேக்'குக்கும் இது பொருந்தும். உரிமம் இல்லாமல் லேபிள் ஒட்டினால், கடனும் சிக்கும், குழுவும் சிக்கும்.

அதே காயைத் தேன்நெல்லி, உலர்நெல்லி, நெல்லிப்பொடி என்று உணவுப் பொருளாக மாற்றினால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து விற்கலாம். மாவட்ட வேளாண் அறிவியல் மையத்தில் மதிப்புக்கூட்டல் பயிற்சி பற்றி விசாரித்துவிட்டு, கடன் பணத்தை அதில் போடுவதே குழுவுக்கு லாபம்.