உடைமையும் உரிமையும்

ஆங்கிலத்தில் ‘நேஷனலைஸ்’ என்று ஒரு சொல் உண்டு. தேர்வுத் தாளில் அதைக் கண்டதும் ‘தேசியமயமாக்கல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். 1969இல் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கினார்கள் என்கிறோம், பொருள் விளங்குகிறது. எல்லைப்புற மக்களைத் தேசியமயமாக்க வேண்டும் என்று ஒருவர் மேடையில் முழங்கினால் என்ன பொருள் கொள்வது? மக்களை யார் வாங்கினார், யாரிடம் ஒப்படைப்பது?

அந்தச் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தனியார் பொருளைப் பொதுப் பொருளாக்குவது. மற்றொன்று, மக்களை ஒரு நாட்டினத்தின் அச்சில் வார்ப்பது. ஆங்கிலத்தில் இந்த இரண்டாம் பொருளே மூத்தது. சொத்தைப் பற்றிய பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நல்ல வேளையாகத் தமிழில் சொத்துக்கென்றே ‘நாட்டுடைமை’ என்னும் தெளிவான சொல் இருக்கிறது. 1949இல் சென்னை அரசு பாரதியார் பாடல்களை நாட்டுடைமையாக்கியது என்றால், பாட்டு எல்லார்க்கும் பொது என்று பாமரரும் அறிவர். இவ்வளவு தெளிவான சொல்லை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே பையில் ஏன் போட வேண்டும்?

இக்குழப்பத்தின் விளைவைக் காணப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலை இவ்விரண்டு ஊர்களின் வழியே போகிறது. 1938இல் திருவிதாங்கூர் அரசு தானே பஸ் விடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. அதையும் ‘நேஷனலைஸ்’ என்றே சொன்னார்கள். அன்று ‘நேஷன்’ எது? ஒரு மன்னரின் சமஸ்தானம்! ஆயினும் பஸ்ஸுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. தமிழ் பேசுகிறவரும் ஏறினார், மலையாளம் பேசுகிறவரும் ஏறினார்.

மனிதனின் கதை வேறு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 1930இல் பிறந்த ஒரு தமிழரை எண்ணிப் பாருங்கள். அவர் முதலில் திருவிதாங்கூர் மன்னரின் குடி. 1949 ஜூலை முதல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர். 1950இல் இந்தியக் குடிமகன். 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தவர். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை சேரவில்லை. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது. அவர் வீடும் நகரவில்லை, நாவும் மாறவில்லை.

இத்தனை மாற்றத்திலும் அவருடைய ‘நேஷனாலிட்டி’ எது? நம் அரசமைப்புச் சட்டம் தரும் விடை எளிது: இந்தியா முழுவதற்கும் ஒரே குடியுரிமை. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் அதே உரிமைதான். ஆகவே அவரை இனி யாரும் ‘தேசியமாக்க’ வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது மொழியுரிமை. அதற்கும் சட்டம் இருக்கிறது. சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. அது 1956இலேயே சேர்க்கப்பட்டது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது.

பாறசாலைப் பிள்ளை மலையாளம் கற்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும்! அண்டை வீட்டார் மொழியை அறிவது செல்வம். கேரளம் 2017இல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2006இலேயே தமிழைக் கட்டாயமாக்கியது. இப்பால் தமிழ்ப் பிள்ளைக்கு நாம் கேட்கும் நியாயத்தை, விளவங்கோட்டில் உள்ள மலையாளப் பிள்ளைக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு மொழியைக் கூட்டுவது கல்வி. இருந்த மொழியைக் கழிப்பது வார்ப்பு. ‘தேசியமயம்’ என்ற சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது என்பதே என் வழக்கு.

உடைமையும் உரிமையும் வேறு வேறு என்பதை மறந்தால் எவ்வளவு கொடுமை நேரும் என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று போதும். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். பிறகு 1972இலும் 1975இலும் தேயிலைத் தோட்டங்களை அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. தோட்டம் நாட்டின் உடைமை ஆயிற்று. அங்கே கொழுந்து பறித்த பலருக்கோ அந்நாட்டின் உரிமை அப்போதும் இல்லை! ஆங்கிலம் ஒரே வேரிலிருந்து ‘நேஷனலைஸ்’ என்றும் ‘நேஷனாலிட்டி’ என்றும் சொல்லிப் போகட்டும். தமிழில் நமக்கு எழுத்தளவிலேயே வேறுபாடு தெரிகிறது.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்றால் கலைச்சொல் பட்டியல் அழகாக இருக்கும் என்பார் உண்டு. பட்டியலின் அழகுக்காகப் பொருளைப் பலியிடுவதா? நண்பர்களே, அடுத்த முறை அச்சொல்லை மொழிபெயர்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே பேசப்படுவது பொருளா, மனிதனா? பொருளானால் நாட்டுடைமை என்று எழுதுங்கள். மனிதனானால், அவனுக்கு எந்த உரிமையைத் தரப் போகிறார்கள், எதைப் பறிக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பேனாவை எடுங்கள்.