முதல் கோலை நான் பார்க்கவில்லை



போன மாதச் சுவர் இதழில் எங்கள் வகுப்பு மாணவர் ஒருவர் ஃபுட்பால் பற்றி எழுதியிருந்தார். ஆஃப்சைடு கூடத் தெரியாதவர்கள் ஸ்டேடியத்துக்குப் போவது வீண் செலவு, டி.வி.யே போதும் என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன்னா, ஆஃப்சைடு தெரியாமல் ஸ்டேடியத்துக்குப் போனவள் நான்.

2025 ஜனவரி 30 ஆம் தேதி. தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சென்னை போயிருந்தோம். (லீவ் லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.) அன்று இரவு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஐ.எஸ்.எல். மேட்ச். மாமா என்னையும் தம்பியையும் கூப்பிட்டார். உடனே பாட்டி, "வயசுப் பொண்ணை ராத்திரியில எங்கடா கூட்டிட்டுப் போற?" என்றார்கள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாதான், "போய்ட்டு வரட்டும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

உள்ளே போனதும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. லைட் வெளிச்சத்தில் புல் அவ்ளோ பச்சை. நீல பனியன் கூட்டம், மஞ்சள் பனியன் கூட்டம், மேளச் சத்தம். நான் ஜனங்களையே வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு மஞ்சள் பனியன்காரர்கள் எல்லாம் எழுந்து குதிக்கிறார்கள். ஆட்டம் தொடங்கி மூணாவது நிமிஷமே கேரளா கோல் போட்டுவிட்டது! டி.வி.ன்னா நாலு தடவை திருப்பிக் காட்டுவார்கள். இங்கே நான் பார்க்காதது பார்க்காததுதான்.

அதற்கப்புறம் கண்ணை எடுக்கவில்லை. டி.வி.யில் கேமரா பந்து பின்னாடியே ஓடும். நேரில் பார்த்தால்தான் பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிறது. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் கோல் கீப்பர் சும்மா நிற்கவில்லை. முன்னே வந்து கையைக் காட்டிக் கத்திக்கொண்டே இருக்கிறார். அவருக்கு முன்னால் இருக்கும் தடுப்பு ஆட்கள் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரே வரிசையாக ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். மாமாவுக்கும் காரணம் தெரியவில்லை. பக்கத்து சீட்டு மஞ்சள் பனியன் சேட்டன்தான் மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிக் கொடுத்தார். கூட்டாளி பந்தை உதைக்கிற நேரத்தில், கோல் கீப்பரை விட்டால் கடைசியாக இருக்கிற தடுப்பு ஆளைத் தாண்டி நிற்கக் கூடாதாம். அந்த வரிசை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்றால் நான் இன்னும் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.

முதல் பாதியிலேயே சென்னை வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர் ஓடினால் மைதானமே பெரிசான மாதிரி இருந்தது, பாவம். 0-3 ஆனதும் நிறையப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. கடைசி நேரத்தில் வின்சி பாரெட்டோ சென்னைக்கு ஒரு கோல் போட்டார். அதை நான் பார்த்தேன்! தோற்ற மேட்சுக்கு அப்படிக் கத்தினேன், மறுநாள் தொண்டை கட்டிப் போச்சு.

செலவு என்று நண்பர் எழுதியது பொய்யில்லை. மாமா டிக்கெட் எடுக்காவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குக் காசு மட்டும் தடை இல்லை. ஈரான் நாட்டில் ஏறக்குறைய 40 வருடமாக ஆண்கள் ஆடும் மேட்ச் பார்க்கப் பெண்களை உள்ளே விடவில்லை. 2019 அக்டோபரில் ஈரானும் கம்போடியாவும் ஆடியபோதுதான் 3000க்கும் மேற்பட்ட பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். ஈரான் 14-0 என்று ஜெயித்தது. நம் ஊரில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. "ராத்திரியில எங்கடா" என்ற ஒரு கேள்விதான்.

கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் அக்கா இந்திய அணிக்கு ஆடியவர். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன். ஆனால் நம் பள்ளியில் பி.டி. பீரியடில் பந்து பையன்களுக்கு, ரிங்கும் ஸ்கிப்பிங் கயிறும் எங்களுக்கு. யாரும் கூடாது என்று சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

வருடா வருடம் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், வண்டலூர்தான். ஒரு வருடம் மாலையில் ஒரு மேட்சும் காட்டி அழைத்து வரலாம். திரும்ப நேரமாகும் என்று சார் சொல்வார், அது நியாயம்தான். சாயங்காலம் சீக்கிரம் தொடங்கும் மேட்சாகப் பார்த்துப் போகலாமே.

அது நடக்கிறபடி நடக்கட்டும். வரும் வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடில் நான் பந்து கேட்கப் போகிறேன். இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். கோல் கீப்பர்தான் கிடைக்கவில்லை. விருப்பமுள்ள மாணவிகள் மதிய இடைவேளையில் வந்து சொல்லவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி