போர் நடக்கும் வானத்தை மூட வைப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 பயணிகள் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதில் ரஷ்யா அனைத்துலக வான்சட்டத்தை மீறியது என்று 2025 மே 12ஆம் தேதி அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் மன்றம் முடிவு செய்தது. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் விடாமல் போராடிப் பெற்ற முடிவு இது, மனமார வரவேற்கிறேன். ஆனால், ஏவுகணையைப் பற்றிப் பேசும் நாம், அந்த வான்வழி ஏன் திறந்திருந்தது என்று கேட்காமல் இருப்பது எனக்குப் பெரும் ஆதங்கம்.

2014 ஜூலை 14ஆம் தேதி கிழக்கு உக்ரேனில் ஒரு ராணுவச் சரக்கு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றே உக்ரேன் 32,000 அடி வரை வான்வெளியை மூடியது. அதற்கு மேல் பறக்கத் தடையில்லை. மூன்றே நாளில் எம்எச்17 அங்கே 33,000 அடியில் பறந்தது. அதை வீழ்த்திய பூக் ஏவுகணைக்கு அந்த ஆயிரம் அடி ஒரு பொருட்டே இல்லை. 298 பேர் மாண்டனர். முழுவதுமாக மூடப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்து பாதுகாப்பு வாரியம் பின்னர் சொன்னது. அன்று மட்டும் 160 பயணிகள் விமானங்கள் கிழக்கு உக்ரேன் வான்வழியே போயிருக்கின்றன.

பறக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்கிறது அனைத்துலக விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கை. 1983இல் கொரிய விமானம் சுடப்பட்டு 269 பேர் இறந்த பிறகு சேர்த்த பிரிவு அது. வானை மூடுவதோ நாடுகளின் உரிமையாகத்தான் அதில் இருக்கிறது. கட்டாயக் கடமையாக இல்லை. மூடினால் நாட்டுக்கு வான்வழிக் கட்டணம் போய்விடும். சுற்றிப் போனால் விமான நிறுவனத்துக்கு எரிபொருள் செலவு. நடுவில் உயிரைப் பணயம் வைப்பவர் டிக்கெட் வாங்கிய பயணி.

2020 ஜனவரியில் ஈரான், ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள்மீது ஏவுகணை வீசிய பிறகும் தெஹ்ரான் விமான நிலையத்தை மூடவில்லை. சில மணி நேரத்தில் அங்கிருந்து கிளம்பிய உக்ரேன் விமானத்தை ஈரானின் சொந்தப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தனர். எம்எச்17 தந்த பாடத்தை யாரும் படிக்கவில்லை.

43 மலேசியர்களைப் பறிகொடுத்த நாம் வாளாவிருக்கக் கூடாது. ஏவுகணைப் போர் நடக்கும் வானை மூடுவது கட்டாயம், மூடாத நாடு இழப்பீடு தர வேண்டும் என்ற திருத்தத்தை மலேசியா இக்காவோவில் கொண்டுவர வேண்டும். அதுவரை, எந்த வழியில் நம் விமானங்கள் பறக்கக் கூடாது என்பதை நிறுவனங்களின் முடிவுக்கு விடாமல் போக்குவரத்து அமைச்சே தடை விதித்து, அந்தப் பட்டியலைப் பயணிகளுக்கு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈப்போ