தீவில் வாழ்வோர்க்குத் தீவின் மொழி

கனாரித் தீவுகளுள் பெரியது தெனெரீஃபே. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கிடப்பினும் அது ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டது. பணி ஓய்வு பெற்றுச் சிறிதளவு ஸ்பானிய மொழியறிவோடு அங்குக் குடியேறும் ஆங்கிலேயரும் செருமானியரும் பலர். ஆங்கிலமே போதும் என்பது அவர்களுள் சிலரது துணிபு. தென்கரைச் சுற்றுலா ஊர்களில் அத்துணிபு செல்லும். நகராட்சியில் உறைவிடப் பதிவு செய்யும்போதும், நள்ளிரவில் மருத்துவரிடம் நோயை உரைக்கும்போதும் செல்லுமா? முதுமையில் வாழ்க்கைத்துணையை இழந்தவர்க்கு, அண்டை வீட்டாரின் மொழியை அறியாமை இரண்டாவது தனிமையன்றோ?

ஏட்டுக் கல்வி மட்டும் உதவாது என்பதும் உண்மையே. மத்ரித் நகரில் 'அவுத்தோபூஸ்' எனப்படும் பேருந்து, தீவில் 'குவாகுவா'. உருளைக்கிழங்கு அங்கே 'பாப்பா' (நம் செவிக்கு மழலை!). சொல்லிறுதிச் சகரத்தையோ மூச்சொலியாக்கி விழுங்கிவிடுவர். ஆயினும் அரபு அறிந்தவர்க்கு ஸ்பானியம் முற்றும் அயலன்று. 711 முதல் 1492 வரை ஐபீரியத்தில் நிலவிய முஸ்லிம் ஆட்சியின் சுவடுகள் அம்மொழியில் மிகப்பல. சர்க்கரை அங்கு 'அசூக்கர்'. 'ஒஹலா' எனும் ஏக்கச்சொல், "இறைவன் நாடினால்" என்னும் பொருளுடைய அரபுத் தொடரின் வழிவந்தது.

2015ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்பானியக் குடியுரிமை கோரும் பிறமொழியாளர்க்கு மொழித்தேர்வைக் கட்டாயமாக்கிற்று. அதனைக் கடுமை என யான் கருதேன். அத்தேர்வு வேண்டுவது தொடக்கநிலை அறிவே. குடியுரிமை நாடாதவரும் அரசு மொழிப்பள்ளியில் சேர்ந்து, கற்ற பத்துச் சொற்களையும் அன்றே சந்தையில் பேசிப் பார்த்தல் வேண்டும்.