வாசலுக்கு வெளியே நாலடி

"பனி கொட்டுறதைக் கண்ணால பார்க்கக் கொடுத்து வெச்சவடீ நீ!" என்று ஊரிலிருந்து அக்கா போனில் சொல்வாள். பார்க்க அழகுதான், சகோதரிகளே. கொட்டி ஓய்ந்த பிறகு அதை அள்ளுவது யார்? அதுதானே கேள்வி!

நாங்கள் இருப்பது நியூயார்க் நகரத்தில், குவீன்ஸ் பகுதியில். சாலையில் விழும் பனியை நகரத் துப்புரவு இலாகாவின் லாரிகள் தள்ளிவிடும். வீட்டு முன்னால் உள்ள நடைபாதை அப்படியல்ல. ஊரார் நடக்கும் வழியானாலும், அதைச் சுத்தம் செய்வது வீட்டிலிருப்பவர் பொறுப்பு. சொந்த வீடோ வாடகை வீடோ, சட்டம் இருவரையும் சொல்கிறது.

இதற்கு நேரக்கணக்கும் உண்டு. பகலில், மாலை 5 மணிக்குள் பனி நின்றுவிட்டால் 4 மணி நேரத்தில் அள்ளிவிட வேண்டும். 5-லிருந்து இரவு 9-க்குள் நின்றால் 14 மணி நேரம். அதற்கும் பிறகு, விடிகாலை 7-க்குள் நின்றால் காலை 11 மணி வரை. குறைந்தது 4 அடி அகலத்துக்குப் பாதை வேண்டும். தவறினால் அபராதம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், நடுராத்திரியில் பனி நின்றது. காலையில் இவர் வேலைக்குப் போய்விட்டார். "பதினோரு மணி வரைக்கும் டயம் இருக்கே" என்று நான் நிதானமாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். ஜன்னல் வழியே பார்த்தால், எதிர் வீட்டுப் பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். எங்கள் வாசலில் முழங்கால் அளவு பனி. வேறு வழியில்லாமல் வண்டியோடு சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த கார் பிரேக் போட்டும் நிற்காமல் சறுக்கிக்கொண்டே வந்து, ஒரு முழ தூரத்தில் நின்றது.

போட்டது போட்டபடி ஓடினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கை வெடவெடவென்று நடுங்கியது. சட்டப்படி எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சட்டம் கொடுத்த நேரம் எனக்குத்தான். நடந்து வந்த அவளுக்கு ஏது?

அதன்பின் அனுபவத்தில் கற்றவை:

பனி புதிதாக, லேசாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள். மிதிபட்டால் ஐஸாக இறுகிவிடும். வெந்நீர் ஊற்றாதீர்கள்; அது உறைந்து கண்ணாடி மாதிரி வழுக்கும்.

கல் உப்பு தூவலாம். ஆனால் கடுங்குளிரில் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது; மணல் தூவினால் கால் வழுக்காது.

அள்ளிய பனியைச் சாலையில் கொட்டக் கூடாது. தீயணைப்புக் குழாயையும் மூடக் கூடாது. மூலை வீடென்றால், சாலையைக் கடக்க இறங்கும் சரிவையும் திறந்துவிட வேண்டும்.

முழங்காலை மடக்கி, தூக்குவதைவிடத் தள்ளுவதே முதுகுக்கு நல்லது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். கூடவே பளுவும் சேர்ந்தால் இதயம் திணறும். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஷவலைத் தொட வேண்டாம். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஊரில் அம்மா விடிகாலையில் வாசல் பெருக்கும்போது, பக்கத்து வீட்டு வாசலிலும் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நிறுத்துவாள். இப்போது நானும் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் வாசலையும் சேர்த்தே தள்ளிவிடுகிறேன். இட்லி அரை மணி நேரம் தாமதமாகிறது. ஆகட்டுமே!