மறுபடி வரும் மருத்துவர்

நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது நீலகிரிக்குப் பழைய பாடம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907இல். கடிபட்ட மனிதருக்கு நூறாண்டுக்கு மேலாக மருந்து கிடைத்துவரும் இதே மலையில், நாய்க்கு முன்கூட்டியே ஊசி போட ஊர் ஊராக ஆட்கள் போகத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். அப்படிப் போகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வ மருத்துவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

மசினகுடிப் பக்கத்து இருளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். நாயைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். வாடகை ஜீப் பிடித்தால் அன்றைய கூலி போய்விடும். அப்படியே கால்நடை மருந்தகம் போய்ச் சேர்ந்தாலும், அங்கிருக்கும் மருத்துவர் சுற்றியுள்ள அத்தனை ஊர் மாட்டையும் ஆட்டையும் பார்த்தாக வேண்டியவர். ஏதாவது ஒரு பசுவின் பிரசவத்துக்குப் போயிருப்பார். நாய் அப்படியே கிடக்கும். சொறி பிடித்து முடி கொட்டிய அதைப் பார்க்கும் சுற்றுலாக்காரர், கேட்பாரில்லாத நாய் என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்க ஆள் இருக்கிறது. கேட்டால் வர மருத்துவர்தான் இல்லை. இரவில் யானை வந்தால் முதலில் குரைப்பது அந்த நாய். சிறுத்தை வந்தால் முதலில் போவதும் அதுதான். அதன் அருமை அந்த வீட்டுக்குத் தெரியும்.

முதுமலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் நடந்த முகாமுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம்தான் அறுவை அரங்கு. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைக் கட்டியிருந்தார்கள். பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டி, தன் பெட்டை நாயை நடத்திக் கூட்டிவந்தார் ஒரு பாட்டி. பல ஈற்று கண்ட நாய், மடி தொங்கிப்போயிருந்தது. மயக்க ஊசி போடும்போது அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டது பாட்டிதான். வேறு யார் தொட்டாலும் உறுமியது. வலது விலாவில் முடியை மழித்து, சிறிதாகக் கீறி, கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துத் தையல் போட்டார் மருத்துவர். பிறகு காது மடலின் நுனியில் ஒரு சிறு வெட்டு. கருத்தடை ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. மயக்கம் தெளிவதற்குள் ஒரு மாணவி காதுக்குள்ளிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இவ கண்ணு முழிச்சிருவால்ல?" என்றார் பாட்டி.

"முழிச்சிருவா பாட்டி. ராத்திரிக்குக் கொஞ்சமா சோறு போதும். தையலை நக்க விடாதீங்க."

"சரி, மறுபடி எப்ப வருவீங்க?"

இந்த மருத்துவத்தின் முக்கியமான கேள்வியே அதுதான். கருத்தடை ஒரு தடவையில் முடிகிற வேலை. மற்றவை அப்படியல்ல. இனச்சேர்க்கையில் பரவும் ஒரு வகைக் கட்டி நாட்டு நாய்களிடம் அதிகம். அது வந்த நாய் இரத்தம் சொட்டச் சொட்ட அலையும். வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பயனில்லை. சொறிக்கும் இடைவெளி விட்டு மருந்து தர வேண்டும். குட்டிகளுக்குப் போட்ட தடுப்பூசியைச் சில வாரங்களில் மறுபடி போட வேண்டும்.

வெறிநோய்க்கும் இதே நிலைதான். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஊசி போட்ட நாய்கள் சாகும், புதிய குட்டிகள் பிறக்கும். அடுத்த ஆண்டுக்குள் அந்த 70 இறங்கிவிடும். கோவாவில் இதைப் புரிந்துகொண்டு செய்தார்கள். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் லூக் கேம்பிள் 2013இல் தொடங்கிய மிஷன் ரேபிஸ் இயக்கம், மாநில அரசோடு சேர்ந்து ஆண்டுதோறும் தெருத் தெருவாகப் போய் ஊசி போட்டது. வெறிநோய் கட்டுக்குள் வந்த நாட்டின் முதல் மாநிலமாக 2021இல் கோவா அறிவிக்கப்பட்டது. கேம்பிளின் வேர்ல்ட்வைட் வெட்ரினரி சர்வீஸ் அமைப்பு உதகை அருகிலும் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. நாட்டின் பல பகுதி மருத்துவர்கள் அங்கே வந்து அறுவை பழகுகிறார்கள். கைதேர்ந்தவர்களுக்கு இங்கே குறைவில்லை.

நாய்க்குத் தடுப்பூசி போடும் இந்த வேலை காட்டையும் காக்கிறது. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது கேனைன் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்க்கிருமி. சுற்றுவட்டாரக் கிராம நாய்களிடமிருந்து அது பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018இல் கிர் காட்டுச் சிங்கங்கள் செத்தபோதும் அதே கிருமி கண்டறியப்பட்டது. செந்நாயும் புலியும் உலவும் முதுமலையின் விளிம்பில், வீட்டு நாய்க்குப் போடும் ஊசி காட்டு விலங்குக்கும் சேர்த்துத்தான்.

தன்னார்வலர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்களின் வண்டி புறப்பட்ட மூன்றாம் நாள் தையல் பிரிந்தால் பாட்டி யாரிடம் போவார்? உள்ளூர்க் கால்நடை மருந்தகத்துக்குத் தெரியாமல் எந்த முகாமும் நடக்கக் கூடாது. எந்த நாய்க்கு என்ன செய்தோம் என்ற ஏடு அங்கே இருக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைப் பற்றி ஊரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊர்ப் பிள்ளைகளில் ஒருவருக்குப் புண்ணைச் சுத்தம் செய்யவும், சீழ் வைத்தால் அடையாளம் காணவும், உடனே மருத்துவருக்குப் படம் அனுப்பவும் பழக்கிவிட வேண்டும்.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் முகாமுக்குப் பதாகை கட்டவும் படமெடுக்கவும் ஆள் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது பயணத்தின் டீசலுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. முகாமுக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்தால், அதே ஊருக்கு அடுத்து எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்பவர்களுக்குத் தயங்காமல் கொடுங்கள்.